ஹேசலைக் கொடுத்துவிடாதே

புந்தோங், ஈப்போ
6 ஆகஸ்டு, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிரமிளாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள் அம்மா. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் வரிகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில எழுத்து பூசணிக்காய் மாதிரி, சில எழுத்து எறும்பு மாதிரி. பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளின் பின்பக்கத்தைத் தடவியே படித்துவிடலாம் என்று உன் அண்ணி சரளா சிரிக்கிறாள். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தேன், இதுவரை எழுதுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. இடையில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன். நான் எழுதினது அப்படியே இருந்தது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் எல்லாரும் நலம். உன் அண்ணன் கனகராஜ் இப்போது தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலைக்குச் சாமான் ஏற்றிப் போகிறான், வாரத்தில் பாதி நாள் லாரியிலேயே தூக்கம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், வாயில் மட்டும் ஒரு வலியும் இல்லை. நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்து, "ஒங்கப்பாவுக்குப் பேனா கெடச்சிருச்சி, இனிமே அரிசிச் சாக்கக்கூட வுட மாட்டாரு" என்று சரளாவிடம் சொல்கிறாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை என்று போன தீபாவளிக்குச் சொன்னாய். அவரும் நலமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நீ வளர்க்கும் ஹேசல் பக்கத்து வீட்டு அம்மாவின் கோழியைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது, அந்த அம்மா புகார் கொடுக்கப் போகிறார், அடுத்த வாரம் சனிக்கிழமை வேறு ஆட்கள் வந்து நாயைத் தாங்கள் வளர்க்க எடுத்துப் போகிறார்கள் என்று சரளாவிடம் சொன்னாய். போனில் நான் பேசினால் நீ, "ம், சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தபால் போய்ச் சேர நாளாகும் என்பதால் சரளா இந்தத் தாள்களைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவாள். படித்து முடிக்கும்வரை யாருக்கும் நாயைக் கொடுத்துவிடாதே.

உனக்கு ஒரு செய்தி தெரியாது. எனக்கும் நீ அனுப்பிய படம் வரும்வரை அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை. பால்மரம் சீவப் போவதற்கு முன்னால், நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் துரை பங்களாவில் நாய்க்காரனாக இருந்தேன். அதே நாய்! காப்பிக்கொட்டை நிறமும் வெள்ளையும், தொங்குகிற காதில் சுருட்டை முடி, பார்த்தாலே ஏதோ கேட்கிற மாதிரி ஒரு முகம். ஹேசலின் படத்தைச் சரளா காட்டியபோது நான், "பென்னி" என்று கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா மட்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அந்தக் கோழி திருடியா?" என்றாள். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வித்தியாசம். ஹேசலுக்கு வால் முழுசாக இருக்கிறது. பென்னிக்குப் பாதி வால்தான். புதருக்குள் வேகமாக ஆட்டி ஆட்டி வால் கிழிந்து புண்ணாகும் என்று குட்டியிலேயே வெட்டிவிடுவார்களாம். இப்போது நீ இருக்கும் அந்தத் துரைமார் நாட்டில் வேட்டைக்குப் போகாத நாய்க்கு வாலை வெட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாமே.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எங்களுக்கு வகுப்பு எடுக்கும் பல்கீஸ் டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? தமிழ்ப்பள்ளியில் வேலை முடிந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்தோறும் தன் தம்பியின் சாப்பாட்டுக் கடை மாடியில் எங்களைப் போன்ற கிழங்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லித் தருகிறார். ஆளுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், அதையே பாடமாக எழுதித் தருகிறேன் என்றார். ஒருவர் முருகன் என்றார், இன்னொருவர் பந்து விளையாட்டு என்றார். நான், "ஒரு நாயைப் பற்றி வேண்டும், டீச்சர்" என்றேன். சொன்ன பிறகுதான் டீச்சர் முஸ்லிம் என்பதும் அவர்கள் வழக்கமும் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். "நாயத் தொட்டாத்தான் எங்களுக்குக் கழுவணும் பெரியவரே. படிச்சா கழுவ வேணாம்லா" என்றார்.

அவர் தேடிப் பார்த்துப் பெரிய பெரிய எழுத்தில் எழுதித் தந்த பாடத்தை மூன்று செவ்வாய்க்கிழமை படித்தேன். கேள். அந்த நாயின் பெயர் ஸ்பிரிங்கர் ஸ்பானியல். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள், ஆனால் உறுதியில்லை. துப்பாக்கி வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்த நாய் இது. புதருக்குள் புகுந்து பறவையைத் துள்ளி எழ வைக்கும். எழும் பறவை மேலே வலையில் விழும், இல்லாவிட்டால் வேட்டைக்காரன் கையிலிருக்கும் பருந்து போய்ப் பிடிக்கும். பிறகுதான் துப்பாக்கி வந்தது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் ஒரே தாய் போட்ட குட்டிகளில் சின்னதாக இருந்தால் ஒரு பெயர், பெரிதாக இருந்தால் ஒரு பெயராம். சின்னதைக் காக்கர் என்று காட்டு உள்ளான் குருவியைப் பிடிக்க அனுப்புவார்களாம், பெரியதை ஸ்பிரிங்கர் என்று வேறு வேட்டைக்கு அனுப்புவார்களாம். இரண்டும் வேறு வேறு சாதி என்று எழுதி வைத்ததே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால்தானாம். நம் தோட்டத்திலும் அப்படித்தானே? ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் கை நீளமானவனை மரம் சீவ அனுப்புவார்கள், குட்டையானவனைப் புல்வெட்டுக்கு அனுப்புவார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள்.

பென்னியை வளர்த்தவரை நாங்கள் குருவி துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போகத் தொடங்கிய காலத்தில் கடைசியாக வந்தவர். உள்ளான் குருவி வரும் மாதங்களில் விடியும்போதே என்னையும் நாயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, ஈயம் தோண்டி விட்ட குட்டைகளுக்கும் அதை ஒட்டிய வயல்களுக்கும் போவார். பனி விலகாத நேரம். சுண்ணாம்பு மலைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். துரை ஒரு விசில் கொடுப்பார். பென்னி எங்களுக்கு முன்னால் வலது பக்கம் ஓடுவாள், அங்கிருந்து இடது பக்கம், மறுபடி வலது. நேராக ஒரு அடிகூடப் போக மாட்டாள். பெண்கள் முற்றம் கூட்டுகிற மாதிரி ஒரு மூலை விடாமல் கூட்டிக்கொண்டே போவாள். குண்டு எட்டுகிற தூரத்தைத் தாண்ட மாட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் தூக்கி நாங்கள் வருகிறோமா என்று பார்ப்பாள். பறவை எழுந்ததும், "ஹப்" என்பார் துரை. ஓடின நாய் அப்படியே உட்கார்ந்துவிடும். சுட்டது விழுந்து, போ என்று சொன்ன பிறகுதான் போய் எடுத்து வரும். எடுத்து வந்த குருவியை என் கையில் தரும்போது ஒரு சிறகுகூட ஒடிந்திருக்காது. அந்த ஈரமான வாயிலிருந்து சூடான குருவியை வாங்கும் அந்தக் கணத்துக்காகவே நான் சம்பளம் இல்லாமல்கூட வேலை செய்திருப்பேன்.

இப்போது கோழிக் கதைக்கு வருகிறேன். நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

துரை வந்த புதிதில் உள்ளான் வரும் காலம் முடிந்துவிட்டது. பென்னிக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த நாய் தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். பகலில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துப் பக்கம் போய், மேய்கிற கோழிகளில் ஒன்றை மெதுவாகக் கவ்விக்கொண்டு வந்து பங்களா வராந்தாவில் விட்டுவிடும். துரை மதியம் சாப்பிட வரும்போது வராந்தாவில் கோழி உலாவும். அவர் சமையல்காரரைக் கேட்டார். அவர் பயந்துபோய், "லயத்துக் கோழிங்க, துரை" என்று மட்டும் சொன்னார். துரை என்ன நினைத்தார் தெரியுமா? புதிய துரைக்கு மரியாதை செய்ய ஜனங்கள் கோழி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது தன் தமிழில் சொன்னார்: "கோழி வந்துச்சு. நல்ல கோழி. எனக்கு ரொம்ப சந்தோசம்."

அவ்வளவுதான். நாய் கோழியைத் தூக்கிக்கொண்டு போவதை ஜனங்கள் கண்ணால் பார்த்தவர்கள். துரையே நாயைப் பழக்கி வசூலுக்கு அனுப்புகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாய்க்காரனான நானும் அப்படித்தான் நம்பினேன். வெள்ளைக்காரர் பழக்கம் நமக்கென்ன தெரியும்? ராஜு கங்காணி லயம் லயமாக வந்தார். "நாயி வந்து புடிச்சிட்டுப் போறது நமக்கு அவமானம்யா. நாமளே மொற வச்சிக் குடுத்துட்டா மரியாதையா போயிரும்" என்றார். அதன் பிறகு வீட்டுக்கு ஒரு கோழி, காலில் கயிறு கட்டி, முறையாகப் பங்களாவுக்கு வந்தது. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஜனங்கள் மனம் நோகும் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பங்களாவின் பின்னால் பெரிய கூண்டு கட்டச் சொன்னார்.

ஒரு நாள் பென்னி முறை தெரியாமல் ஒரு அடைக்கோழியைத் தூக்கி வந்துவிட்டது. அன்று பகல், பின்பக்கமாக வர வேண்டிய பங்களாவுக்கு முன்வாசல் வழியாக ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கூடை, கூடையில் முட்டை. நேராக துரை முன்னால் போய்க் கூடையை வைத்தாள்.

"கோழியத்தான் எடுத்துக்கிட்டீங்க. இந்தாங்க, இதையும் நீங்களே ஒக்காந்து அடைகாத்துக்குங்க!"

எனக்கு உயிரே போய்விட்டது. துரை விழித்தார். "கோழி நீ குடுத்தே" என்றார்.

"நான் எங்க குடுத்தேன்? ஒங்க நாயில்ல தூக்கியாந்துச்சி!"

துரை நாயைப் பார்த்தார். பென்னி எழுந்து வந்தது. கூடைக்குள் மூக்கை விட்டு ஒரு முட்டையை எடுத்து, கொண்டுபோய் துரையின் உள்ளங்கையில் வைத்தது. முட்டையில் ஒரு கீறல் இல்லை. துரை முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மறுநாள் பெரட்டுக்களத்தில் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அவரவர் கோழியை அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டியது. அன்று யாரும் சரியான நேரத்துக்கு மரம் சீவப் போகவில்லை. ஒரு சிவப்புச் சேவலுக்காக இரண்டு சம்பந்திகள் ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

கூடையோடு வந்த அந்தப் பெண் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போதும் அதே குரலில்தான் அடுப்படியிலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

ஆகவே பிரமிளா, ஹேசல் கோழியைக் கடிக்கவில்லை. உனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்று அதற்குத் தெரியாது, தன்னால் முடிந்ததைக் கொண்டுவந்தது. நீ அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போ. அவரையே கோழியின் இறகுக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்கச் சொல். பல் பட்ட தடம் இருக்காது. உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வெறுங்கையோட போவாதேன்னு எழுதுங்க. எதையாச்சும் சுட்டுக் கொண்டுபோவச் சொல்லுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

குளத்தில் இறங்கினால் ஹேசலின் காதை மடித்து உள்ளே துடைத்துவிடு. தொங்குகிற காது, ஈரம் நின்றால் சீழ் வைக்கும். எங்களுக்கு வயலில் அட்டைப்பூச்சித் தொல்லை வேறு. "நாய்க்காரன், காது பாரு, காது பாரு" என்று துரை என் உயிரை எடுப்பார்.

கை வலிக்கிறது. ஆனால் நல்ல வலி. முன்பெல்லாம் எந்தத் தாளிலும் கட்டைவிரலைத்தான் வைப்பேன். இதில் என் பெயரை நானே எழுதுகிறேன்.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

உன் அப்பா,
ஐயாவு


புந்தோங், ஈப்போ
13 ஆகஸ்டு, செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் பிரமிளாவுக்கு,

இந்த முறை கையெழுத்து கொஞ்சம் தேறியிருக்கிறது என்று நினைக்கிறேன். டீச்சர் என்னை வேறு பேனா வாங்கச் சொன்னார்.

நீ அந்த அம்மா வீட்டுக்குப் போனதையும், அவர் கோழியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்ததையும், உனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்ததையும் நீ சொன்னபோது உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீ கேசரி கிளறிக் கொண்டுபோனாய் என்றதும், "கட்டி தட்டாம கிளறியிருக்குமா?" என்று ஒரு மணி நேரம் கவலைப்பட்டாள். புகார் இல்லை என்று ஆகிவிட்டது. இன்று வகுப்பில் போய்ச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்படியிருந்தும் சனிக்கிழமை ஆட்கள் வரத்தான் போகிறார்கள் என்று கடைசியில் சொன்னாய். ஆஸ்பத்திரியில் உனக்கு நீண்ட ஷிப்ட். நீ கதவைச் சாத்தியதிலிருந்து திரும்பும்வரை ஹேசல் அழுகிறது, கதவைப் பிறாண்டுகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தூங்க முடியவில்லை என்கிறார்கள். "வீட்ல யாரும் இல்லைப்பா" என்றாய். போன் வெட்டுப்பட்டுவிட்டது என்று சரளா அதை வாங்கிப் பார்த்தாள். வெட்டுப்படவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை அம்மா. இந்தக் கடிதத்திலும் கேட்கப் போவதில்லை. நாயைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன்.

குருவி துரை ஊருக்குப் போகும்போது பென்னியைக் கூட்டிப் போக முடியவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை, அவசரமாகப் போனார். புதிதாக வந்தவருக்கு நாய் ஆகாது. "நீயே வச்சிக்க" என்று பென்னியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் உன் அம்மாவுக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்கு பங்களா வேலை போய், மரம் சீவும் வேலை கொடுத்தார்கள். விடியும் முன்னே நாங்கள் இருவரும் காட்டுக்குப் போய்விடுவோம். பென்னி லயத்து வீட்டில் தனியாக இருக்கும். சோறு வைத்தால் திரும்பிப் பார்க்காது. அது அழுவது மேட்டில் நாங்கள் மரம் சீவும் நிரை வரை கேட்கும். சாயங்காலம் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து துரை மாதிரி விசில் அடித்துப் பார்ப்பேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "நாயிக்குக் கச்சேரி வைக்கிறாரு. ரெண்டு பேருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில எடம் கேக்கணும்" என்பாள்.

துரை சொல்லுவார், இந்த நாய்க்கு ஒரே ஒரு எஜமான்தான் என்று. நானும் அப்படி நினைத்து, எஜமான் போய்விட்டார், இனி இது பிழைக்காது என்று விட்டுவிட்டேன். பாடத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது. இந்த நாயை ஆயிரம் வருஷமாக மனுஷன் பக்கத்திலேயே வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். வேறு சில வேட்டை நாய்கள் மனுஷனை விட்டு வெகு தூரம் ஓடும். இது அப்படிப் பழக்கப்படவில்லை. நடக்கிறவனுக்குக் கொஞ்சம் முன்னால், பார்வைக்குள்ளேயே வேலை செய்யப் பழக்கிவிட்டார்கள். அதனால் அதைத் தனியாக விட்டால் தாங்காதாம். அது பிடிவாதமும் இல்லை, குறும்பும் இல்லை. படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பென்னிக்கு எஜமான் தேவைப்படவில்லை. கூட ஆள் இருந்தால் போதும் என்று இருந்திருக்கிறது.

அதைப் படிக்காமலே கண்டுபிடித்தவள் உன் அம்மா. ஒரு நாள் காலை மரம் சீவப் போகும்போது பென்னியின் கழுத்தில் தன் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, ஆயாக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். உனக்கு அந்தக் கொட்டகை தெரியாது, நீ பிறக்கும்போது நாம் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். தாய்மார்கள் காட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். கயிற்றில் வரிசையாகத் தொட்டில்கள் ஆடும். முத்தம்மா என்கிற ஆயாதான் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். பென்னியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"இருக்குற புள்ளைங்க பத்தாதுன்னு, காதுல மயிரு மொளச்ச புள்ள வேறயாடி எனக்கு?"

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உன் அம்மா போய்விட்டாளாம்.

சாயங்காலம் நான் பயந்துகொண்டே போனேன். தவழ்கிற பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பென்னி அவர்களுக்கு முன்னால் வலது பக்கம் போனாள், திரும்பினாள், இடது பக்கம் போனாள். வயலில் உள்ளான் தேடிய அதே நடை! ஒரு பிள்ளை கால்வாய்ப் பக்கம் நகர்ந்தால் குறுக்கே போய் நிற்பாள். பிள்ளை அவள் காதைப் பிடித்து இழுக்கும், அவள் நகர மாட்டாள். முத்தம்மாவின் காலடியில் செருப்பு, பால் புட்டி, அரைஞாண், யாருடையதோ தெரியாத ஒரு தொப்பி என்று ஒரு குவியல். எல்லாம் பென்னி பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தவை. முத்தம்மா ஒரு தட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றின சோற்றைப் பிசைந்து வைத்திருந்தாள். தட்டு காலியாகியிருந்தது.

"நாளைக்கும் கொண்டாந்து வுடு. எனக்கு இல்லடா, புள்ளைங்க தேடும்" என்றாள் என் முகத்தைப் பார்க்காமலே.

அதற்குப் பிறகு பென்னிக்கு வெகு காலம் ஆயுள் இருந்தது. பகலில் கொட்டகை, இரவில் எங்கள் வீடு. உன் அண்ணன் நடை பழகினதே அதன் முதுகைப் பிடித்துத்தான். மூக்கு வெளுத்து, கண் மங்கிப்போன பிறகும், தொட்டில் கயிறு அசைந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். இப்போது அந்தக் கொட்டகை நின்ற இடத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனை நிற்கிறது. போன மாதம் கனகராஜின் லாரியில் அந்தப் பக்கம் போனேன், எந்த இடம் என்று எனக்கே காட்டத் தெரியவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லாம் தெரிகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஹேசலுக்கும் ஒரு கொட்டகை பார். உன் ஊரில் நாய்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் உண்டு என்று சரளா தேடிச் சொன்னாள். காசு கொடுத்து நாயைக் கொட்டகையில் விடுவார்களா என்று உன் அம்மா இன்னும் நம்பவில்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு யோசனை. அந்தக் கோழிக்கார அம்மா தனியாகத்தானே இருக்கிறார்? கணவர் இறந்து வெகு காலம் ஆகிறது, நீ தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினபோது, இன்னும் கொஞ்சம் இரு என்று சொன்னார் என்றாயே. அவரிடம் கேட்டுப் பார். உதவி கேட்பது போலக் கேட்காதே. ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குப் போய்விடு. கோழிகளோடு விடலாமா என்று அவர் பயந்தால் விசில் ஒன்று வாங்கிக் கொடு. கோழிப் பக்கம் போனால், "ஹப்" என்று சொல்லட்டும். முதல் நாள் கேட்காது. பொறுமையாக இருந்தால் கேட்கும்.

நீயும் ஷிப்ட் முடிந்து நேராக உன் வீட்டுக்குப் போகாதே. நாயைக் கூட்டிப் போகிற சாக்கில் அவர் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ. சூடாக எதையாவது குடி. இருட்டின வீட்டுக்குள் தனியாக நுழைவதைவிட, முன்னால் ஓடித் திரும்பிப் பார்க்கிற ஒன்றோடு நுழைவது நல்லது. இதை எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை வரும் ஆட்களிடம் இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்று சொல். இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது. உன் அப்பா உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதுதான் எழுதப் பழகியிருக்கிறேன்.

இங்கே ஒரு செய்தி. உன் அம்மா முந்தாநாளிலிருந்து பின்னறையைக் காலி செய்கிறாள். கனகராஜின் பழைய டயர்கள், உடைந்த காற்றாடி, நான் சேர்த்து வைத்த பலகைகள், எல்லாம் வெளியே போய்விட்டன. யாருக்கு என்று கேட்டேன். "அந்த நாயி ஒருவேள இங்க வந்துட்டா எங்க படுக்கும்? எடம் வேணாமா?" என்றாள். நாய் வந்து சமையலறைப் பக்கம் தலை காட்டினால் துடைப்பத்தை எடுக்கிறவள் அவள், உனக்கே தெரியும். நேற்று அங்கே கட்டிலைப் போட்டாள். இன்று காலை பாசாருக்குப் போய், முழங்கால் வலியோடு, புதிய கொசுவலை வாங்கி வந்து கட்டியிருக்கிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வருகிறதா என்று நின்று பார்த்தாள். நாய்க்கு எதற்குக் கட்டில், நாய்க்கு எதற்குக் கொசுவலை என்று நான் கேட்கவில்லை.

அங்கேயே நன்றாக இருக்க முடிந்தால் இருவரும் அங்கே இருங்கள். முடியாவிட்டால் எந்த நாளில் வந்தாலும் சரி, இருவரும் வாருங்கள். யாருக்கும் எந்தக் காரணமும் சொல்ல வேண்டாம். கடவுள் உங்கள் இருவரையும் ஒருவருக்கு ஒருவர் துணையாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா இப்போது தலையணை உறை தைக்கிறாள். இன்னும் ஒரு பக்கம் பாக்கி. அடுத்த வாரம் அது முடிந்துவிடும், என்ன நிறம் என்று அப்போது எழுதுகிறேன்.

உன் அப்பா,
ஐயாவு